சிரட்டையில் கொஞ்சம் நெருப்பு

அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்ட முத்துப்பேச்சி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டுவிடவில்லை. சாம்பல் ஆற்று மணல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

காலையில் வேலைக்குக் கொம்பு ஊதுவதற்கு முன்பே, காட்டுமரக் கட்டையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு மூன்று கங்குகளைத் தட்டி, அடுப்பின் மூலையில் நெருக்கி வைத்து, மேலே சாம்பலைப் போர்த்தி, ஓர் ஓட்டாஞ்சில்லையும் கவிழ்த்துவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். அப்படி மூடினால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஒரு வருஷமாக ஒருநாள் தவறாமல் தாங்கியிருக்கிறது. இன்றைக்கு மத்தியானத்துக்குள் மூன்று கங்கையும் காணோம். கரியாகக்கூடக் கிடக்கவில்லை. சாம்பலின் மேல் ஐந்து சிறு குழிகள், விரல் நுனி பதிந்த மாதிரி.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி நெருப்பைத் தூக்கிக்கொண்டு போகுமா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. முதுகில் கட்டியிருந்த ஏழு மாசக் குழந்தை செல்லத்துரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளுடைய பின்னங்கழுத்தில் முகத்தைத் தேய்த்தான். அவனுடைய மூச்சு மட்டும்தான் அந்த அறையில் சூடாக இருந்தது.

பெருவெள்ளம் வந்து மலையையே உருட்டிக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு வந்த மூன்றாவது தை மாசம் அது. தேவிகுளத்துக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கு நேற்றைவிடக் கடுமையாகப் பனி கொட்டப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வானத்தில் மேகம் ஒரு பொட்டுக்கூட இல்லை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல இருந்தது. காற்று சுத்தமாக நின்றுபோய், பாக்டரிப் புகை கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே மேலே போனது. ஓடையில் தவளை கத்தவில்லை. இந்த மாதிரி நாளில் பொழுது சாய்ந்ததும் புல் வெளுக்கத் தொடங்கும், விடியும்போது தேயிலை இலையெல்லாம் தீயில் காட்டியது போலக் கருகி நிற்கும். அதனால் பெண்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்களையெல்லாம் நாற்றுமேட்டுக்கு ஓட்டியிருந்தார்கள். தேயிலை நாற்றுக்குப் பெரணித் தழை மூடி, சுற்றிலும் இருபது இடத்தில் தீ வளர்த்து, விடிய விடியக் காவல்.

போன வருஷமும் இதே மாதிரி ஒரு நாள்தான்.

அன்றைக்கு முத்துப்பேச்சி நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு படுத்தவள் அடுப்பு அணைந்ததைக் கவனிக்கவில்லை. எழுந்து பார்த்தபோது பொழுது அடைந்துவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது, வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்பார்கள். அதனால் ஏழு வயது மகள் மாடத்தியின் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து, "பக்கத்து வீட்ல ரெண்டு கங்கு வாங்கிட்டு ஓடியாட்டி" என்று அனுப்பினாள்.

பத்து வீடு வரிசையாக ஒட்டி நிற்கிற தகரக் கூரை லயம் அது. முத்துப்பேச்சியின் வீடு கடைசி. மாடத்தி ஒன்பதாவது வீட்டுக் கதவைத் தட்டினாள். விளக்கு வைத்தாயிற்று, விளக்கு வைத்தபிறகு வீட்டு நெருப்பை வெளியே கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று இல்லையென்றார்கள். எட்டாவது வீட்டிலும் அதே பதில். ஏழு, ஆறு, ஐந்து. முதல் வீடு வரைக்கும் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு, அம்மா நெருப்பு கேட்டாளே என்று அந்தப் பிள்ளை தேயிலைக் காட்டுக்குள் இறங்கி மேல் லயத்துக்கு நடந்திருக்கிறது. மறுநாள் காலையில் வெள்ளையாகக் கிடந்த தேயிலைத் தூர்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத் தூக்கினார்கள். சிரட்டையை விரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. அதோடேயே புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு முத்துப்பேச்சி அடுப்பை அணைய விட்டதே இல்லை. இன்றைக்கு வரைக்கும்.

"ஏண்டி பேச்சி, குளுந்த அடுப்பப் பாத்துக்கிட்டு என்னத்தடி உக்காந்திருக்க?"

வாசலில் சுருளியம்மாள் நின்றாள். ஒன்பதாவது வீட்டுக்காரி, கம்பத்துப் பக்கத்திலிருந்து வந்தவள், தனிக்கட்டை. கையில் உடைந்த சட்டி, அதில் கங்கு.

"அணைஞ்சிட்டுக்கா. மூடி வெச்சுட்டுத்தான் போனேன்."

"ஒனக்குமா? எனக்கும் அதே கூத்துதான். அதான் பாக்டரிக்குப் போயி, தீ போடுறவன்கிட்ட பல்லக் காட்டி வாங்கியாந்தேன். எனக்கு இருக்கதே மூணு பல்லு, அதுக்கு இம்புட்டு நெருப்பு குடுத்தான்னா பாத்துக்க."

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. சுருளியம்மாள் பாதிக் கங்கை அடுப்பில் தள்ளி, சுள்ளியை முறித்துப் போட்டு ஊதினாள். நெருப்பு பிடித்தது.

"நாத்துக்குத் தழ போத்துதாக, தீ வளக்காக, அறுவது ஆம்பளயக் காவல் நிறுத்துதாக" என்றாள் முத்துப்பேச்சி. "போன வருசம் எம்புள்ளையத் தேட ரெண்டு ஆளு கேட்டதுக்கு, காலைல பாப்போம்னாரு கங்காணி."

சுருளியம்மாள் ஊதுவதை நிறுத்தினாள். "அந்த ஆளச் சொல்லி என்ன. மொதக் கதவு என் கதவுதானடி." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகைதான் காரணம் என்பதுபோல இருமினாள். அவளுடைய இருமல் பழைய இருமல், லயத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. "ஒரு வருசமா என் வீட்டுல நான் வெளக்கே வெக்கிறதில்ல. கவனிச்சியா? வெளக்கு வெச்சாத்தான இல்லங்கணும்."

முத்துப்பேச்சி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சுருளியம்மாள் போனதும் புருஷன் பொன்ராஜ் வந்தான். தலையில் பெரணிச் சருகு ஒட்டியிருந்தது. தன்னுடைய கம்பளியை எடுத்து உதறி, மடித்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீங்க கொண்டுபோகல?"

"நான் தீப்பக்கத்துலதான நிக்கப்போறேன். பயலுக்குப் போத்து." வெளியே போகத் திரும்பியவன் நின்றான். "பேச்சி, வெளக்கு வெச்ச பெறவு ஆரு வந்து கூப்புட்டாலும் கதவத் தெறக்காத."

"ஆரு வருவா?"

அவன் கதவின் குறுக்குக் கட்டையைத் தடவிப் பார்த்தான். "நேத்து நாத்துமேட்டுல வளத்த தீ ஒண்ணொண்ணா அணைஞ்சுது. மழையில்ல, காத்தில்ல. காலைல பாத்தா வெள்ளப் புல்லு மேல காலடி." கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டினான். "இம்புட்டுதான் இருக்கும்."

அந்த அளவு அவளுக்குத் தெரியும். அந்தக் காலுக்கு வெள்ளிக் கொலுசு செய்ய நூல் பிடித்து அளந்தவள் அவள்தான்.

"மாசி பொறந்ததும் ஏலப்பாறைக்குப் போயிருவோம். அங்க பனி கெடையாது" என்றான். இதை நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவளைத் தனியா விட்டுட்டு எப்படி வர என்று அவளும் நூறு தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அவள் கேட்கவில்லை. அவன் தொட்டிலுக்குள் குனிந்து மகனின் உள்ளங்காலை மூக்கால் உரசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

பொழுது இருக்கும்போதே முத்துப்பேச்சி வேலையை முடித்தாள். சுவரில் விரிசல் விட்ட இடத்திலெல்லாம் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினாள். கதவுக்குக் கீழே சாக்கைச் சுருட்டித் திணித்தாள். விறகை உள்ளே கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் தலை உயரத்துக்கு அடுக்கினாள். ஓடைக் கல் நாலைந்தை அடுப்போரம் சூடாக்கி, பழந்துணியில் சுற்றி, தொட்டிலுக்குள் குழந்தையின் காலடியில் வைத்தாள். அதற்குப் பிறகு சமைக்க உட்கார்ந்தாள்.

கொள்ளை வறுத்தாள். சட்டியில் அது படபடவென்று பொரியப் பொரிய எழுந்த அந்த மண் வாசனை அறை முழுவதும் பரவி, சாணி ஈரத்தையும் புகையையும் அமுக்கி, குழந்தையைக்கூடத் தலையைத் திருப்பிப் பார்க்க வைத்தது. மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு, ஒரு துண்டுச் சுக்கு எல்லாவற்றையும் அம்மியில் வைத்துத் தட்டி, வெந்த கொள்ளுத் தண்ணீரில் புளியோடு கரைத்துவிட்டு, ரசம் நுரை கட்டி விளிம்புக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் கேப்பைக்களியைத் துடுப்பால் கிண்டினாள். பனி நாளில் இதைக் குடித்தால் உள்ளங்கால் வரைக்கும் வேர்க்கும். மாடத்திக்கு ரசம் காரமாக இருக்கவேண்டும். கண்ணில் தண்ணீர் வழிய வழியக் குடிப்பாள், ஒரு மடக்கு ரசம், ஒரு கடி கருப்பட்டி.

களியை உருட்டி வைத்தபிறகுதான் பார்த்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள். பொன்ராஜுக்குச் சாப்பாடு அங்கேயே கொடுக்கிறார்கள். இரண்டாவது தட்டின் ஓரத்தில் கருப்பட்டியும் வைத்திருந்தாள்.

அதை அவள் திரும்ப எடுக்கவில்லை.

விளக்கை ஏற்றினாள். குறுக்குக் கட்டையைப் போட்டாள். வெளியே வெளிச்சம் நீலமாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கத் தொடங்கியது. டக். முதல் வீட்டுப் பக்கம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், டக். குளிர ஆரம்பித்தால் தகரம் அப்படித்தான் சத்தம் போடும், அதிலொன்றும் இல்லை. ஆனால் வழக்கமாகப் பத்து வீட்டுக் கூரையும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கும். இன்றைக்கு முதல் வீட்டோடு நின்றது. பிறகு அங்கே யாரோ, "அடுப்பு அணைஞ்சிருச்சே, இப்பத்தான எரிஞ்சது" என்று சொல்வது கேட்டது.

டக். இரண்டாவது வீடு.

ஒரு கதவைத் தட்டுகிற சத்தம். முட்டியால் தட்டுகிற சத்தம் இல்லை. சிரட்டையின் அடிப்பக்கத்தால் பலகையில் தட்டினால் வருமே, அது. கொட், கொட். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே, "வெளக்கு வெச்சாச்சு, போயிரு தாயி, போயிரு" என்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டிலும் அடுப்பைப் பற்றிப் பேச்சு. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

மூன்றாவது வீடு. நாலு. முத்துப்பேச்சி அடுப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒன்பதிலிருந்து ஒன்றுக்குப் போனவள். இப்போது ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு வருகிறாள். வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். ஐந்தாவது வீட்டில் குழந்தைகள் அழுதார்கள், யாரோ வாயைப் பொத்தினார்கள். சுவர்களுக்கு அந்தப் பக்கம் எரிகிற விறகின் வெடிப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. ஆறு. விளக்குத் திரி குறுகியது. ஏழு. தண்ணீர்ப் பானையின் விளிம்பில் மெல்லிசாக ஏதோ விரிசல் விடும் ஓசை. எட்டு.

கொட், கொட்.

ஒன்பது. சுருளியம்மாளின் கதவு.

இல்லையென்று சொல்லும் குரலுக்காக முத்துப்பேச்சி காத்திருந்தாள். சொல்லிவிடுக்கா, சொல்லிவிடு. ஒன்பதாவது வீட்டின் குறுக்குக் கட்டை உருவப்படும் சத்தம்தான் கேட்டது. கதவு கிரீச்சிட்டது.

"வா ஆத்தா" என்றாள் சுருளியம்மாள். குரல் உடைந்திருந்தது. "எல்லாத்தயும் எடுத்துக்க. ஒனக்குத்தான் வெச்சிருக்கேன்."

சட்டி ஒன்று தரையில் உருண்டது. சுருளியம்மாள் இருமினாள். இரண்டாவது இருமல் பாதியில் நின்றது.

மீதி இருமல் வரவே இல்லை.

தகரம் முத்துப்பேச்சியின் தலைக்கு மேலே சத்தம் போட்டது. டக்.

கொட், கொட்.

"எம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம்மா, நெருப்பு வாங்கிட்டேன். தெற."

பொன்ராஜ் சொன்னது நினைவில் இருந்தது. தொட்டில் இருந்தது. உள்ளே கம்பளிக்கு அடியில் செல்லத்துரை தூங்கிக்கொண்டிருந்தான். திறக்கக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் போன வருஷம் ஒன்பது கதவும் இல்லையென்று சொன்ன பிள்ளையிடம் பத்தாவது கதவும் எப்படிச் சொல்லும்? அவளை அனுப்பியதே இந்தக் கதவுதானே?

கட்டையை உருவினாள்.

மாடத்தி நின்றாள். அதே பச்சைப் பாவாடை. முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. பின்னால் புல் முழுக்க வெள்ளை, அந்த வெள்ளையில் ஒரு வரிசைக் காலடி. இரண்டு கையாலும் சிரட்டையை ஏந்தியிருந்தாள், சிந்திவிடக்கூடாதே என்று. அதற்குள் பத்துக் கங்கு, ஒன்பது அடுப்புக்கு ஒன்பது, கூட ஒன்று. செக்கச்செவேலென்று. அவற்றிலிருந்து துளிச் சூடு வரவில்லை.

"ரொம்ப நேரமாயிட்டாம்மா? ஆரும் குடுக்கலம்மா. அடிக்காத."

"இல்ல தாயி. அடிக்கல. வா. உள்ள வா."

உள்ளே வந்து, சிரட்டையைப் பத்திரமாக அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். விறகு தலை உயரத்துக்கு இருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று அடுப்பில் தீ இல்லை. புகைகூட இல்லை. சிரட்டையில் பதினோரு கங்கு.

முத்துப்பேச்சி கொள்ளு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். ஆவி பறந்தது. பிள்ளை கையில் வாங்கியதும் ஆவி நின்றது. ரசத்தின் மேல் ஆடை கட்டியது. கடகடவென்று குடித்தாள். கருப்பட்டியைக் கடித்தாள். கல்லைக் கடிக்கிற சத்தம்.

"காரமா இருக்காட்டி?"

"தெரியலம்மா. குளுருது."

தொட்டில் சிணுங்கியது. மாடத்தி தலையைத் திருப்பினாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே சந்தோஷம் அந்த வெள்ளை முகத்தில் வந்தது.

"எம்மா, தம்பியா பொறந்துச்சு?"

"ஆமா தாயி."

"மடில தாரேன்னியே. காலு ரெண்டயும் நீட்டி உக்காந்தா தாரேன்னு சொன்னியே."

சொல்லியிருந்தாள். வயிற்றின் மேல் காதை வைத்துக்கொண்டு கேட்டவளுக்கு அவள்தான் சொல்லியிருந்தாள்.

"பெறவு தாரேன். மொதல்ல இங்க வா. எம்மாகிட்ட வா." தன்னுடைய முந்தானையை விரித்தாள். பொன்ராஜின் கம்பளி தொட்டிலில்தான் இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை. "எம்மா மேல இருக்க சூட்டையெல்லாம் எடுத்துக்கிடு. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடு. தம்பி சின்னவன். அவன்கிட்ட ஒண்ணுமில்ல."

பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஒரு வருஷம் கழித்து. முத்துப்பேச்சி அந்த வெள்ளை முடியில் முகத்தைப் புதைத்தாள். மண் வாசனை. பனி வாசனை. எங்கேயோ அடியில் கொஞ்சம் எண்ணெய் வாசனை, அவள் தேய்த்துவிட்ட எண்ணெய். அவள் அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

கால் முதலில் போனது. முழங்கால். இடுப்பு. வலிக்கவில்லை. விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. சிரட்டையில் பன்னிரண்டாவது கங்கு மெல்லப் பிடித்து எரிந்தது. போதும், என்று நினைத்தாள். இது போதும். விடிந்ததும் பொன்ராஜ் வருவான். பயலைத் தூக்கிக்கொண்டு ஏலப்பாறைக்குப் போவான். அங்கே பனி கிடையாது.

மாடத்தி அவளுடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மா, நீயும் குளுந்துட்டியே."

மடியிலிருந்து இறங்கினாள். முத்துப்பேச்சி கையை நீட்டினாள். கை நீளவில்லை. கத்தினாள். உதடு பிரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது, மூடவும் முடியவில்லை.

தொட்டிலுக்குள் செல்லத்துரை கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுதான். சூடான, ஈரமான, உயிருள்ள அழுகை. அவன் வாயிலிருந்து ஆவி வந்தது.

அக்கா தொட்டிலுக்கு அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே இரண்டு காலையும் நீட்டினாள். பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். மடியை இரண்டு தரம் தட்டினாள்.

"தாம்மா" என்றாள்.

தொட்டில் கயிறு தானாக இறங்கத் தொடங்கியது. சிரட்டையில் பதின்மூன்றாவது கங்கின் ஓரம் சிவந்தது.